கிணற்றில் குதிப்பது மட்டும்தான் வீரமா?

சமுதாய இளைஞர்களே! வணிகப் பெருமக்களே!

2020 ஜூலை மாதம். பெரம்பலூர் மாவட்டம் செல்லியம்பாளையம். வெடி வைத்துத் தோண்டப்பட்ட ஒரு கிணறு. உள்ளே இறங்கியவர் மேலே வரவில்லை. அவரைத் தூக்கப் போனவரும் சிக்கிக் கொண்டார். தீயணைப்புத் துறைக்குத் தகவல் போனது. வீரர்கள் ஓடி வந்தார்கள், கிணற்றுக்குள் இறங்கினார்கள். விஷவாயு அவர்களையும் விட்டு வைக்கவில்லை. அன்று அந்தக் கிணற்றுக்கு ஒரு கிராமத்து இளைஞரும், காப்பாற்றப் போன ஒரு தீயணைப்பு வீரரும் பலியானார்கள்.

மறுநாள் பத்திரிகைகளில் படம் வந்தது. அரசு மரியாதை நடந்தது. இரங்கல் அறிக்கைகள் வந்தன. 'வீர மரணம்' என்று எழுதினார்கள். நாமும் படித்தோம், உச்சுக் கொட்டினோம், மறந்தோம்.

நாம் கேட்க விரும்புவது இதுதான். அந்த வீரரோடு இறங்கி, மூச்சுத் திணறி, உயிர் பிழைத்து வெளியே வந்தவர்களின் கதி என்ன? கிணற்றின் விளிம்பில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தன் சக தோழன் பிணமாக மேலே வருவதைப் பார்த்தவர் அன்றிரவு தூங்கியிருப்பாரா? அதற்கு மறுவாரம் இன்னொரு கிணற்றிலிருந்து அழைப்பு வந்தபோது அவர் கை நடுங்கியிருக்காதா? இதை யாராவது கேட்டோமா?

செத்தவனுக்கு மாலை போடத் தெரிந்த இந்த நாட்டுக்கு, பிழைத்து வந்தவனின் தோளில் கை போடத் தெரியவில்லை! அரசுக்கும் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், நமக்கும் தெரியவில்லை.

விஷவாயுவுக்கு உங்கள் துணிச்சல் தெரியாது!

முதலில் நம் பையன்களிடம் உள்ள ஒரு நோயைப் பற்றிப் பேசுவோம். ஓர் ஆபத்து என்றால் முதலில் குதிப்பவன் வீரன், யோசிப்பவன் கோழை என்ற எண்ணம் அது. அந்த எண்ணம்தான் ஒரு சாவை இரண்டாகவும், இரண்டை நான்காகவும் ஆக்குகிறது.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ 21 சதவீதம் பிராணவாயு. அது 19.5-க்குக் கீழே போனாலே ஆபத்து என்பது உலகம் முழுவதும் தொழிற்சாலைகளில் பின்பற்றும் அளவு. 10 சதவீதத்துக்குக் கீழே போனால் நீங்கள் பயில்வானாக இருந்தாலும் நினைவு தப்பி விழுவீர்கள். வெடி வைத்த கிணற்றில் கார்பன் மோனாக்சைடு தங்கும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. கழிவுத் தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். "நாற்றம் போய்விட்டது, இறங்கலாம்" என்று நினைப்பவன் அப்போதுதான் எமனின் வாய்க்குள் கால் வைக்கிறான்.

அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986-ல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தொட்டி, குழி போன்ற அடைபட்ட இடங்களில் செத்தவர்களைக் கணக்குப் பார்த்தபோது, 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் உள்ளே மாட்டியவர்களைக் காப்பாற்றப் போனவர்கள்! கவனியுங்கள். வேலை செய்யப் போனவனை விட, காப்பாற்றப் போனவன்தான் அதிகம் செத்திருக்கிறான். செல்லியம்பாளையத்தில் நடந்ததும் இதுவே. நம் நாட்டின் கழிவுத் தொட்டிகளில் ஏழைத் தொழிலாளர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சாவதும் இப்படித்தான்.

லெப்பைக்குடிக்காட்டிலும் வ.களத்தூரிலும் வீட்டுக்கு வீடு வளைகுடா போய் வந்தவர்கள் இருக்கிறீர்கள். எண்ணெய்க் கம்பெனிகளில் வேலை பார்த்த சகோதரர்களே, உங்களைத்தான் கேட்கிறோம். அங்கே ஒரு டேங்குக்குள் இறங்க வேண்டுமானால் என்ன நடைமுறை? பெர்மிட் கையெழுத்தாக வேண்டும். கேஸ் டெஸ்ட் எடுக்க வேண்டும். உள்ளே எத்தனை பேர் என்று வாசலில் எழுதிக்கொண்டு ஓர் ஆள் நிற்பான். உள்ளே என்ன நடந்தாலும் அவன் இறங்கக் கூடாது, ஆளைக் கூப்பிட வேண்டும். அவன் நகர்ந்தால் வேலையே நிற்கும்! அங்கே இந்தச் சட்டத்தை மீறினால் ஊருக்கு டிக்கெட் வாங்கிக் கொடுத்துவிடுவான் என்று பயந்து பின்பற்றினீர்கள். ஊருக்குத் திரும்பி வந்ததும் அந்த அறிவை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வந்தீர்களா? பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் ஒருவன் விழுந்தால், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குதிக்கிறீர்களே, இது நியாயமா?

ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்கல் பேசுவது மார்க்கமல்ல என்று மேடை தோறும் சொல்கிறோம். கயிற்றைக் கட்டாமல் கிணற்றில் இறங்குவது மட்டும் எந்த மார்க்கம்?

நகரச் செயலாளருக்குக் கிணறு பற்றி என்ன தெரியும்?

அடுத்தது, நம் அமைப்புகளைப் பற்றி. கோபப்படாதீர்கள்.

விபத்து நடந்த இடத்துக்கு நம் தொண்டர்கள் போகிறார்கள். பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால் அங்கே போனதும் யார் சொல்வதைக் கேட்பது? மாவட்டப் பொறுப்பாளர் ஒன்று சொல்கிறார், நகரச் செயலாளர் ஒன்று சொல்கிறார், வண்டி ஓட்டி வந்த தம்பிக்கு இரண்டும் தவறு என்று தெரிகிறது. ஆனால் அவன் வாய் திறப்பதில்லை. பொறுப்பாளரை எதிர்த்துப் பேசுவது ஒழுங்கீனம் என்று நாம்தான் பழக்கி வைத்திருக்கிறோமே!

1977 மார்ச் 27-ல் டெனரீஃப் தீவின் விமான நிலையத்தில், பனிமூட்டத்தில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதின. 583 பேர் மாண்டார்கள். ஓடுபாதையில் இன்னொரு விமானம் இருக்கிறதோ என்ற சந்தேகம், புறப்பட்டுக்கொண்டிருந்த விமானத்தின் பொறியாளருக்கு வந்தது. கேட்கவும் செய்தார். அனுபவம் மிக்க மூத்த தலைமை விமானி அதைத் தள்ளிவிட்டார். மீண்டும் அழுத்திச் சொல்ல யாரும் இல்லை. அந்த விபத்துக்குப் பிறகுதான் விமானக் கம்பெனிகள் பாடம் படித்தன. இளையவன் 'நிறுத்து' என்றால் மூத்தவன் நிறுத்த வேண்டும் என்பதையே ஒரு பயிற்சியாக்கினார்கள். கூட்டுப் பணி என்பது எல்லோரும் ஒரே சட்டை போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நிற்பது அல்ல சகோதரர்களே! குழுவில் கடைசி ஆளின் சந்தேகத்துக்கும் முதல் ஆள் காது கொடுப்பதுதான் கூட்டுப் பணி.

இது நமக்குப் புதிதா? கலீஃபா உமர் (ரலி) அவர்கள் சிரியாவை நோக்கிப் பயணம் போனபோது, அங்கே கொள்ளை நோய் பரவியிருக்கும் செய்தி வழியிலேயே வந்தது. உமர் (ரலி) என்ன செய்தார்கள்? நான் கலீஃபா, நான் சொல்வதே முடிவு என்றார்களா? முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள். அன்சார்களை அழைத்துக் கேட்டார்கள். குறைஷிப் பெரியவர்களை அழைத்துக் கேட்டார்கள். திரும்பிப் போவது என்று முடிவெடுத்தார்கள். அபூ உபைதா (ரலி) போன்ற மாபெரும் தளபதியே கேள்வி எழுப்பியும் அந்த முடிவில் உறுதியாக நின்றார்கள். உமரை விட வீரன் உங்கள் ஊரில் இருக்கிறானா? பின்வாங்குவதும் சில நேரம் தலைமையின் கடமை. அதைக் கோழைத்தனம் என்று கேலி பேசும் வாய்கள்தான் இளைஞர்களைச் சாவுக்குத் தள்ளுகின்றன.

திரும்பி வந்தவனைக் கேட்டீர்களா?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

2019 அக்டோபர் 25-ல் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. எண்பது மணி நேரத்துக்கும் மேலாகப் போராட்டம். தமிழகமே டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தது. பக்கத்திலேயே பாறையைக் குடைந்து இன்னொரு குழி தோண்டினார்கள். அந்தக் குழிக்குள் இறங்கித் தயாராக நின்ற தீயணைப்பு வீரர்கள் இருந்தார்கள். 29-ஆம் தேதி குழந்தையின் உடல்தான் மேலே வந்தது. அதற்குள் "இவர்களுக்கு ஒரு குழந்தையைக் காப்பாற்றத் துப்பில்லை" என்று டீக்கடை தோறும் தீர்ப்பு எழுதினோம். கருவி வாங்காத, திட்டம் போடாத அதிகார வர்க்கத்தைத் திட்டுங்கள், நியாயம்! ஆனால் தூக்கமில்லாமல் அந்தக் குழியைச் சுற்றி நின்றவனும் ஒரு பிள்ளைக்குத் தகப்பனாக இருந்திருப்பானே! வீட்டுக்குப் போய்த் தன் பிள்ளையைத் தூக்கும்போது அவன் மனம் என்ன பாடுபட்டிருக்கும்?

2023 அக்டோபரில் அரியலூர் மாவட்டம் வெற்றியூர் ஊராட்சியில் வெடி தயாரிக்கும் கூடம் வெடித்துச் சிதறியது. கூலிக்கு வேலை பார்த்த ஏழைகள் உடல் கருகி மாண்டார்கள். வெடிகள் வெடித்துக்கொண்டே இருந்ததால் தீயணைப்பு வண்டிகள் உடனே நெருங்கக்கூட முடியவில்லை. உள்ளே மனிதர்கள், வெளியே கையைப் பிசைந்துகொண்டு காப்பாற்ற வந்தவர்கள்! செய்ய முடிந்தும் செய்யாமல் விட்டதைவிட, செய்யத் துடித்தும் செய்ய முடியாமல் நின்ற நேரம்தான் மனிதனைப் பிறகு இரவெல்லாம் தின்கிறது.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு வருவோம். 2020-21 கொரோனா காலம். பெற்ற பிள்ளைகளே தொட அஞ்சிய உடல்களை, சாதி மதம் பாராமல் அடக்கம் செய்தவர்கள் யார்? தமிழகம் முழுவதும் இஸ்லாமிய அமைப்புகளின் தொண்டர்கள்! ஊரே கைதட்டியது. நாமும் பெருமைப்பட்டோம். எத்தனை உடல் என்று கணக்குப் போட்டு நோட்டீஸ் அடித்தோம். அந்தக் கணக்கில் ஒவ்வொரு எண்ணும் ஒரு முகம் என்பதை மறந்துவிட்டோம். மயானத்தில் கதறிய ஒரு சிறுமியின் குரலை இன்னும் காதில் சுமந்துகொண்டு மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்கும் தம்பி உங்கள் ஊரில் இல்லையா? ஆம்புலன்ஸ் ஓட்டியவன் இப்போது காரணமில்லாமல் எரிந்து விழுகிறானே, வீட்டில் பேச்சைக் குறைத்துவிட்டானே, அந்தக் கிருமிநாசினி வாடை வந்தால் எழுந்து போய்விடுகிறானே, ஏன் என்று கேட்டீர்களா?

ஈமான் குறைந்துவிட்டதாம்!

கேட்காதது மட்டுமல்ல, சிலர் தீர்ப்பும் சொல்கிறார்கள். "தொழுகையில் கவனம் வை, எல்லாம் சரியாகும்", "ஈமான் பலமாக இருந்தால் இப்படி வராது", "ஆம்பளை அழலாமா?"

அருமை மகன் இப்ராஹீம் இறந்தபோது நபி (ஸல்) அவர்கள் கண்ணீர் விட்டார்கள். துணைவி கதீஜா (ரலி) அவர்களையும், பெரிய தந்தை அபூதாலிபையும் இழந்த ஆண்டு, துக்க ஆண்டு என்றே நம் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. அவர்களின் துக்கத்தை எந்த நாவாவது பலவீனம் என்று சொல்லத் துணியுமா? பிறகு உங்கள் தம்பியின் தூக்கமின்மை மட்டும் எப்படி ஈமானின் பலவீனமானது? கால் முறிந்தவனை எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போகிறோம், துஆவும் செய்கிறோம். மனம் முறிந்தவனுக்கு மட்டும் ஏன் டாக்டர் கூடாது?

மன உறுதி என்பது கல்லாக இருப்பது அல்ல. விழுந்தவன் எழுந்து நிற்பது. தனியாக விழுந்தவன் எழுவது கஷ்டம், பக்கத்தில் நாலு பேர் இருந்தால் சுலபம். அதனால்தான் மன உறுதியும் கூட்டுப் பணியும் ஒரே கயிற்றின் இரண்டு புரிகள் என்கிறோம்.

இதிலும் அரைகுறை வைத்தியம் ஆகாது. சம்பவம் முடிந்த உடனே எல்லோரையும் உட்கார வைத்து "பார்த்ததையெல்லாம் சொல்" என்று கட்டாயப்படுத்தும் முறை ஒரு காலத்தில் மேல்நாட்டில் பிரபலமாக இருந்தது. அப்படி ஒரே ஒரு முறை கிளறுவதால் பயனில்லை, சிலருக்குக் கெடுதலும் வரலாம் என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. உலக சுகாதார நிறுவனம் 2011-ல் களப்பணியாளர்களுக்காக வெளியிட்ட 'மனநல முதலுதவி' கையேடு சொல்லும் வழி எளிமையானது. பார், கேள், இணை. அதாவது, அவன் நிலையைக் கவனி. அவன் பேச விரும்பினால் குறுக்கிடாமல் கேள். தேவையான உதவியோடும் சொந்தங்களோடும் அவனை இணைத்துவிடு. பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுவார்கள். ஒரு மாதத்துக்குப் பிறகும் தூக்கமில்லை, கெட்ட கனவு ஓயவில்லை, வேலை ஓடவில்லை என்றால் மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்று பேச ஆரம்பித்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

அரசே, பதில் சொல்!

1956 நவம்பர் 23. அரியலூர் அருகே மருதையாற்றில் வெள்ளம். தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் பாலத்தோடு ஆற்றில் விழுந்தது. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவியைத் துறந்தார். இன்றுவரை அரசியல் மேடைகளில் அந்த ராஜினாமாவைப் பேசுகிறார்கள். பேசட்டும், பேச வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்த ஆற்றில் இறங்கிப் பெட்டிகளை உடைத்து உடல்களை எடுத்தார்களே, அவர்கள் யார்? எந்த மேடையில் அவர்கள் பேர் ஒலிக்கிறது?

அதே நவம்பர் 23 அன்றுதான், 2007-ல், அரியலூர் தனி மாவட்டமாக மீண்டும் உதயமானது. இன்று இந்த மாவட்டம் சிமெண்ட் ஆலைகளின் மாவட்டம். சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள், இரவும் பகலும் ஓடும் டிப்பர் லாரிகள். பெரம்பலூரிலோ திருச்சி - சென்னை தேசிய நெடுஞ்சாலை, கல் குவாரிகள், ஆழக் கிணறுகள். ஆபத்துக்குப் பஞ்சமில்லாத இரண்டு மாவட்டங்கள்! இங்குள்ள ஒவ்வொரு தீயணைப்பு நிலையத்திலும் வாயு அளக்கும் கருவி வேலை செய்யும் நிலையில் இருக்கிறதா? இறங்கும் ஒவ்வொருவருக்கும் மூச்சுக் கருவி உண்டா? காவல்துறையினருக்காக பெங்களூரு நிம்ஹான்ஸ் துணையோடு நிறைவாழ்வுப் பயிற்சி நடத்திய அரசு, பிணத்தையும் தீயையும் தினமும் பார்க்கும் தீயணைப்பு வீரருக்கும், 108 ஊழியருக்கும், பிணவறைத் தொழிலாளிக்கும் அதே அக்கறையைக் காட்டுகிறதா? மாவட்ட ஆட்சியர்கள் இதைப் பட்டியல் போட்டு மக்களிடம் சொல்லட்டும்! செத்த பிறகு கொடுக்கும் லட்சங்களில் ஒரு பங்கை, சாவதற்கு முன்பே கருவிக்கும் பயிற்சிக்கும் செலவழித்தால் என்ன குறைந்துவிடும்?

நாம் என்ன செய்யப் போகிறோம்?

அரசைக் கேட்டுவிட்டுப் படுத்துக்கொள்வது நம் வழியல்ல.

இளைஞர்களே! இருவர் இருவராக இணையுங்கள். களத்துக்குப் போகும்போது ஒருவர் உடையை, கயிற்றை, முகக் கவசத்தை மற்றவர் சரிபார்க்க வேண்டும். திரும்பி வந்த பிறகு மூன்றாம் நாளும், பத்தாம் நாளும், ஒரு மாதம் கழித்தும் அவனைப் போய்ப் பார்க்க வேண்டும். இது கடமை என்று எழுதி வையுங்கள். கிணறு, தொட்டி என்றால் 101-க்கோ 112-க்கோ தகவல் கொடுங்கள், கூட்டத்தை விலக்குங்கள், கருவி வரும்வரை யாரையும் இறங்க விடாதீர்கள். கெஞ்சினாலும், திட்டினாலும் விடாதீர்கள்! அங்கே நிற்பதுதான் வீரம். களத்தில் பதவி பார்க்காமல், பயிற்சி பெற்றவன் சொல்லைக் கேளுங்கள்.

வணிகப் பெருமக்களே! நெடுஞ்சாலையில் விபத்து நடந்தால் முதலில் ஓடுவது உங்கள் கடைப் பையன்தான். கேஸ் ஆகிவிடும் என்று அவனை இழுத்துப் பிடிக்காதீர்கள். நல்லெண்ணத்தோடு உதவுபவரைத் தொல்லை செய்யக் கூடாது என்ற வழிமுறைகளை 2016-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. ஆகவே பயம் வேண்டாம். உடல்களைத் தூக்கிவிட்டு வந்த பையனை அடுத்த நிமிடமே கல்லாவில் உட்கார வைக்காதீர்கள். ஒரு நாள் கூலியோடு விடுப்பு கொடுங்கள். பள்ளிவாசலுக்கு விளக்கும் விரிப்பும் வாங்கித் தருகிறீர்கள், அல்லாஹ் கூலி தரட்டும். அதோடு ஊருக்கு ஒரு வாயு அளவுக் கருவியும், நல்ல கயிறும், முதலுதவிப் பெட்டியும் வாங்கிக் கொடுங்கள். தீயணைப்பு நிலைய அலுவலரை அழைத்து ஜமாஅத் மண்டபத்தில் ஆண்டுக்கு இரண்டு முறை பயிற்சி வைக்க ஏற்பாடு செய்யுங்கள். பக்கத்துத் தெரு இந்து, கிறித்தவ இளைஞர்களையும் கூப்பிடுங்கள். கிணறு யாரிடமும் மதம் கேட்பதில்லை.

ஜமாஅத் பெரியவர்களே! மனநலம் என்றாலே பைத்தியம் என்று பேசுவதை ஜும்ஆ மேடையிலிருந்து கண்டியுங்கள். அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கட்டணம் இல்லாமல் போனிலேயே பேச 14416 என்ற 'டெலி மானஸ்' எண் 2022 முதல் இருக்கிறது. இந்த எண்ணைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுங்கள்.

சகோதரர்களே! செல்லியம்பாளையத்துக் கிணறு போல இந்த இரண்டு மாவட்டங்களிலும் எத்தனையோ கிணறுகள். நாளையே ஒன்றிலிருந்து கூக்குரல் வரலாம். அப்போது உங்கள் ஊர்ப் பையன் ஒருவன் சட்டையைக் கழற்றிக்கொண்டு ஓடுவான். அவன் கையைப் பிடித்து நிறுத்த ஓர் ஆள், அவன் இடுப்பில் கயிறு கட்ட ஓர் ஆள், திரும்பி வந்தபின் அவன் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார ஓர் ஆள், இந்த மூன்று பேர் உங்கள் ஊரில் இருக்கிறார்களா?

இல்லையென்றால், வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் உட்கார்ந்து அந்த மூவரைத் தேர்ந்தெடுங்கள். சிந்தியுங்கள்! செயல்படுங்கள்!